சிக்னலும் சூரியனும் கிடைக்கும் இடம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சூரியன் தெரிந்தது, சிக்னல் இல்லை. பஸ் நிற்கும் சந்தியில் சிக்னல் கொட்டிக் கிடந்தது, ஆனால் டர்பன்டைன் மரங்கள் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றன.

பத்திநாதனுக்கு இரண்டும் வேண்டும். ஒரே இடத்தில் வேண்டும்.

டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முந்தின வாரம் முழுக்க இதே வேலையாக அலைந்தான். ஃபெக்டரிக்குப் போகிற வழியில் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து, மறுகையைக் கண்ணுக்கு மேலே வைத்து, நின்று நின்று போனான். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பேசுவதற்கு அவர்களுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

கடைசியில் அகப்பட்டது தொட்டி மேடு. லயங்களுக்குத் தண்ணீர் போகிற சிமெந்துத் தொட்டி. அதன் மேல் ஏறி நின்றால் கிழக்கே மலைமுகடுகள் வரை மறைப்பே கிடையாது. நோர்வூட் பக்கமிருந்து சிக்னலும் தாராளமாக வந்தது. இப்படி ஓர் இடம் தோட்டத்துத் துரைக்குக்கூட வாய்க்காது.

இவ்வளவு பாடும் மெரினாவுக்காக.

மெரினா அவன் மனைவி. சவூதியில் ஒரு வீட்டில் வேலை. போய் நாலு வருஷம். நத்தாருக்கு வருகிறேன் என்றாள், வரவில்லை. முன்பெல்லாம் வீடியோவில் முகம் காட்டுவாள். ஆகஸ்ட்டுக்குப் பிறகு அந்த வீட்டு மேடம் கேமரா கூடாது என்று சொல்லிவிட்டாளாம். குரல் மட்டும்தான். அந்தக் குரலும் வரவரச் சுருங்கி, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்ற அளவில் வந்து நின்றது.

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. புதிதாகப் பேச என்ன இருக்கிறது? இப்படியே போனால் ஒருநாள் இந்தப் பேச்சும் நின்றுவிடும் என்று அவன் பயந்தான். ராத்திரியில் தூக்கம் வராத அளவுக்குப் பயந்தான்.

அப்போதுதான் கிரகணச் செய்தி வந்தது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். நிழல் சவூதியில் தொடங்கி, இந்தியாவைக் கடந்து, நேரே இங்கே இலங்கைக்கு வருகிறதாம். அவளைத் தொட்டுவிட்டு வருகிற நிழல்.

"ரெண்டு பேரும் ஒன்னா பாப்போம் மெரினா. இங்க நல்லா பொழுது ஏறுன பெறகுதான் அங்க விடியும். விடியும்போதே கடிபட்ட சூரியனாத்தான் வருமாம். வந்த உடனே எனக்குப் போன் எடு."

"சரிங்க," என்றாள். அந்தச் சரிங்கவில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அதைக் கேட்டு எத்தனை மாதம்.

நத்தாருக்கு மறுநாள் காலை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பழனியாண்டி கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கால் சத்தம் போட்டார். "கெரகணம் புடிக்கிற நேரத்துல எங்கய்யா போற? கண்ணு அவிஞ்சிரும்."

பட்டறையில் இரவல் வாங்கிய வெல்டிங் கண்ணாடியை ஆட்டிக் காட்டிவிட்டுப் பத்திநாதன் மேட்டில் ஏறினான்.

பாதையில் ஆள் அரவமில்லை. தேயிலை மலையில் ஒரு தலை இல்லை. இந்த மாதத்தில் காலை நேரம் பனி மூடித்தான் கிடக்கும். அன்றைக்கென்று வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

அவள் எடுக்க இன்னும் நேரம் கிடக்கிறது. அங்கே விடிய வேண்டும். அவன் தொட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். சூரியனின் மேல் ஓரத்தில், பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஒரு சின்னக் கடி விழுந்தது.

போன் அடித்தது.

"பாக்குறீங்களா? மேல் ஓரத்துல கொஞ்சூண்டு கடிச்சிருச்சுங்க!" அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஆமா என்று சொல்ல வாயெடுத்தான். அவளும் இதையே பார்க்கிறாள். இதே கடியை, இதே ஓரத்தில். அப்படி ஒரு சந்தோஷம்.

போனைக் காதிலிருந்து எடுத்து மணியைப் பார்த்தான்.

சவூதியில் இன்னும் விடியவில்லை. அங்கே இப்போது பார்ப்பதற்குச் சூரியனே கிடையாது.

"ஹலோ, கேக்குதாங்க?"

அப்படியானால் அவள் இங்கேதான், இதே நாட்டில். கொழும்பா, நீர்கொழும்பா, கண்டியா? ஆகஸ்ட்டிலிருந்தா, அதற்கும் முந்தியா? யார் வீட்டு மாடி, யாரோடு? பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, நேற்று நத்தார் சோற்றை அவனைத் தனியாக உட்கார்ந்து தின்ன வைத்திருக்கிறாள். பாவி.

எங்கே இருக்கிறாய் என்று கேட்கலாம். புருஷன் கேட்கக்கூடிய கேள்விதான். கேட்டால் வைத்துவிடுவாள். வைத்தால் பிறகு எடுக்கவே மாட்டாள். அவளை அவனுக்குத் தெரியும்.

இருந்தாலும் பார்த்திருக்கிறாளே. இவன் சொன்னான் என்பதற்காக எங்கேயோ நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறாள். பார்த்த சந்தோஷத்தில், சொன்ன பொய்யையே மறந்துவிட்டாள்.

"இங்க ஒரே பனி மெரினா. ஒன்னுமே தெரியல," என்றான். "நீ பாத்து சொல்லு."

அவள் சொன்னாள். கால்வாசி போயிருச்சு என்றாள். கண்ணாடியில் கால்வாசி போயிருந்தது. வெயில் மங்குது, காக்கா எல்லாம் கத்துது என்றாள். தொட்டி மேட்டிலும் வெயில் மங்கியது. நாலு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. எங்கே சொன்ன பொய் ஞாபகம் வந்து நிறுத்திவிடுவாளோ என்று அவன் இடையிடையே ம் கொட்டிக்கொண்டே இருந்தான்.

பாதிக்கு மேல் போனபோது அவளாகவே கேட்டாள். "அங்க பனி வெலகிருச்சாங்க?"

மலைமுகடுகள் வரை பளிச்சென்று தெரிந்தது. கீழே லயத்துக் கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"இல்ல," என்றான். "இன்னைக்கு வெலகாது போலருக்கு. நீ சொல்லு."