தெற்குப் பார்த்த வாசல்

“உங்களுக்கென்ன விசரே? வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். திரும்பவும் வெடிச்சத்தம் கேக்கிற ஊருக்கே குடும்பத்தோட போகப் போறியள்?”

தியாகலிங்கம் மாமா தேநீர்க் கோப்பையை ணங்கென்று மேசையில் வைத்தார்.

பிரதீபா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் கணவன் சுலக்சனின் தாய்மாமன். ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் பெரிய வீட்டுக்காரர். சொந்தத்துக்குள் யார் வீடு வாங்கினாலும் விலாசமும் படமும் முதலில் அவருக்குத்தான் போகும். வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று பார்த்து அவர் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்து. அமெரிக்காவில், கிளீவ்லாண்டில் அவர்கள் பார்த்து வைத்த வீட்டின் விவரமும் அப்படித்தான் போன கிழமை அவர் கைக்குப் போனது.

“அது பழைய கதை மாமா. இரும்பாலையள் மூடினாப் பிறகு கொஞ்சக் காலம் விழுந்து கிடந்த ஊர்தான். இப்ப எழும்பி வருது. எனக்கு அங்க ஆஸ்பத்திரியில நேர்ஸ் வேலையும் கிடைச்சிட்டுது. பச்சைக் கதவு, முன்னுக்குப் பெரிய விறாந்தை, பின்னுக்கு வளவு. எங்கட சம்பளத்துக்கு ரொறன்ரோவில அப்பிடி ஒரு வீடு கனவிலயும் வராது.”

“எழும்பி வருதாம்! பாதித் தெருவில வீடுகள் பூட்டிப் பலகை அடிச்சுக் கிடக்கு. கண்டறியாத வீடு! வாசலைப் பாத்தனியே பிள்ளை? தெற்கு. வீட்டுக்காரிக்கு ஆகாது. நாளைக்கு உனக்கொண்டு நடந்தா உந்தக் குழந்தையை ஆர் பாக்கிறது?”

சுலக்சனின் முகம் செத்துப்போனது. பிரதீபாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது, வீடு கைவிட்டுப் போய்விட்டதென்று.

காரில் ஏறியதும் வெடித்தாள்.

“எட்டு வருசமா இஞ்ச வெக்ஸ்போர்ட்டில ஒரு பேஸ்மென்றுக்குள்ள கிடக்கிறம். ஜன்னலால பாத்தா கார்ச் சில்லுத்தான் தெரியுது. பிள்ளை துள்ளி விளையாட இடமில்லை. மற்றவன்ர வீட்டுப் பக்கக் கதவால போய் வாறம். அந்தக் கதவு எந்தத் திசை எண்டு உங்கட மாமா ஒரு நாள் கேட்டவரே?”

“மாமா எங்கட நல்லதுக்குத்தான் சொல்லுவார், பிரதீபா. அப்பா செத்தாப் பிறகு எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டது அவர்தானே.”

“கூப்பிட்டவர், ஓம். அதுக்காகச் சாகும்வரைக்கும் நிலத்துக்குக் கீழயே இருக்கோணுமோ?”

சுலக்சன் காரை எடுத்தான். அடுத்த நாளே கிளீவ்லாண்டுக்குப் போன் எடுத்து, வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை மாமா வந்தார். கையில் ஒரு பெட்டி மாம்பழம். அந்தத் தாழ்ந்த கூரைக்குக் குனிந்து வந்து, சோபாவில் இருந்து, குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“என்னில கோவமோ பிள்ளை? நீங்களும் தூரப் போயிட்டா எனக்கு ஆர் இருக்கினம்?”

கண் கலங்கியிருந்தது. பிரதீபாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாவம், பாசத்தில் சொன்ன மனிசனைப் போய் காருக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். மாம்பழத்தை வெட்டி முதல் துண்டை அவருக்கே கொடுத்தாள்.

ஆனாலும் கிளீவ்லாண்ட் ஆஸ்பத்திரிக்காரர் விடவில்லை. இரண்டு மாதம் கழிய மறுபடி எழுதிக் கேட்டார்கள்: செப்டெம்பரில் வந்து சேருகிறாயா, இல்லையா?

“வாடகைக்கு எண்டாலும் போவம்,” என்றாள் பிரதீபா. “ஒரு வருசம் இருந்து பாப்பம். வாடகை வீட்டுக்கு ஆரும் வாசல் பாக்கிறேல்லைத்தானே.”

சுலக்சன் நிமிர்ந்து, கூரைக் குழாயில் தலையை இடித்துக்கொண்டு, தடவிக்கொண்டே சொன்னான்:

“சரி. ஆனா இப்போதைக்கு மாமாவுக்குத் தெரியவேண்டாம். மனிசன் தாங்கமாட்டார்.”

அன்று பின்னேரமே இருவரும் போனை வைத்துக்கொண்டு வாடகை விளம்பரங்களைத் தட்டத் தொடங்கினார்கள். நாலாவது விளம்பரத்தில் பிரதீபாவின் விரல் நின்றது.

பச்சைக் கதவு. பெரிய விறாந்தை.

“இஞ்ச பாருங்கோ, எங்கட வீடு!”

“எங்கட வீடோ?”

“எங்கட வீடா இருக்கவேண்டினது. ஆரோ குடுத்துவைச்சதுகள் வாங்கி இப்ப வாடகைக்கு விடுகுதுகள்.”

கீழே எழுதியிருந்ததை அவள் சத்தமாக வாசித்தாள். புத்துயிர் பெற்றுவரும் அருமையான சுற்றாடல். பயமில்லாத தெரு. தெற்குப் பார்த்த வாசல் என்பதால் நாள் முழுக்க நல்ல வெளிச்சம். குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு மிகப் பொருத்தம்.

தெற்கு வாசலைக் கெட்டது என்று தள்ளிவிட்டு வந்தார்கள். அதே வாசலைச் சொல்லி யாரோ ஒருவர் ஆள் பிடிக்கிறார்.

“சொந்தமா இருக்கத்தான் குடுத்துவைக்கேல்லை. வாடகைக்காவது இருப்பம். எடுத்துக் கேக்கட்டே?”

“கேளும்.”

விளம்பரத்தின் அடியில் இருந்த ‘வீட்டுக்காரரை அழைக்கவும்’ என்ற பொத்தானை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது.

யாரென்று தெரியாத அந்த வீட்டுக்காரரின் இலக்கம் திரையில் வரவில்லை. அவள் போனில் எப்போதோ பதிந்து வைத்த பெயர்தான் வந்தது: தியாகு மாமா.