ஹெட்போன் வேணாம்

கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறியதிலிருந்து ஜோதிலட்சுமிக்கு வாய் ஓயவில்லை.

“ஒருவழியா அந்த ஜமீன் பங்களாவ பாக்கப் போறேன் மாமா! தேக்கு ஊஞ்சலு, கலர் கண்ணாடி ஜன்னலு... எத்தினி நாள் கனவு!”

கணவன் ஏழுமலை சிரித்துக்கொண்டான்.

பங்களா வாசலில் டிக்கெட் கொடுத்த பெண் இரண்டு ஹெட்போன்களை நீட்டினாள். “ஒவ்வொரு ரூமைப் பத்தியும் தமிழ்ல சொல்லும் மேடம். வாடகை தனி.”

“எனக்கு வேணாம்மா.”

“இது இல்லன்னா ஒண்ணும் புரியாது மேடம்.”

“எனக்கு ஒண்ணு குடும்மா” என்று ஏழுமலை வாங்கி மாட்டிக்கொண்டான்.

கூடத்தில் நுழைந்ததும் ஜோதிலட்சுமி கூவினாள். “ஐயோ, ஊஞ்சலு எம்மாம் பெருசு! இப்படி இருக்கும்னு நெனைக்கவே இல்லியே!”

பக்கத்தில் நின்ற பெரியவர் தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். “இன்னாம்மா இது? காதுல கேக்கற அதே குரலு!”

“இவளேதான் சார். ஸ்டுடியோவுல உக்காந்து, எழுதிக் குடுத்தத படிச்சா. பங்களாவ இன்னிக்குத்தான் பாக்கறா” என்றான் ஏழுமலை பெருமையாக.

ஜோதிலட்சுமி அவன் கையைக் கிள்ளினாள். “ஊட்ல நான் பேசனா காதுலயே வாங்க மாட்டே. இங்க டப்பு குடுத்துக் கேக்கறியா?”

“ஊட்ல ரெண்டாவது தபா கேட்டா திட்டுவே. இதுல எத்தினி தபா கேட்டாலும் பொறுமையா சொல்றியே!”