வாயாடி வில்லன்

அந்தக் காலத்து மெக்சிகோ மல்யுத்த அரங்கில், முகமூடி வீரன் வெள்ளி நாரைக்குக் கைதட்டல் விழும். வில்லன் க்ரிசாந்தோவுக்கு எலுமிச்சைத் தோல்தான் விழும்.

“இடப்பக்கம் வர்றேண்டா! முடிஞ்சா தடுறா, பயந்தாங்கொள்ளி!”

ஒவ்வோர் அடிக்கும் முன்னால் க்ரிசாந்தோ கத்தினான். நாரை தடுத்துத் தடுத்தே அவனைச் சாய்த்துவிட்டான்.

வெளியே வந்த க்ரிசாந்தோவை முன்வரிசைக்காரி ஒருத்தி செருப்பால் அடித்தாள். “அடிக்கறதுக்கு முன்னாடி ஊருக்கே தண்டோரா போடணுமாடா?”

“பழக்கதோஷம் தாயி!”

எதிரிகள் சேர்ந்திருப்பதை ரசிகர்கள் பார்த்துவிடக் கூடாது. நைசாக நாரையின் அறைக்குள் நுழைந்து தாழிட்டான்.

முகமூடியைக் கழற்றிய நாரை தண்ணீர்க் குவளைக்காகக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தான். அவன் கண்களில் வெளிச்சம் மட்டுமே மிச்சமாகி இரண்டு வருஷமாகிறது.

“இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்டா, ராசா,” என்றான் க்ரிசாந்தோ, மெதுவாக.