முதுகு காட்டும் நேரம்

குட்டியின் காதில் ஒட்டியிருந்த சேற்றை நாக்கால் நக்கித் துடைத்துக்கொண்டே, பாறைக்கு அந்தப்பக்கம் தெரிந்த பசும்புல்லைப் பார்த்தது தாய் வரையாடு. இந்தப்பக்கம் புல் காய்ந்து சருகாகிவிட்டது. வயிறு நிறைந்தால்தானே மடியில் பால் ஊறும்? குட்டியோ விடிந்ததிலிருந்து வெறும் மடியை முட்டிக்கொண்டே இருந்தது.

நடுவிலே காட்சிமுனை. மலை பார்க்க வந்த ஜனம் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேலிக்கு வெளியே இருக்கிற பாறை விளிம்புதான் ஒரே வழி. மனுஷ வாசனை பட்டாலே வரையாடு ஓட்டமெடுக்கும்.

"பொழுது சாய்ஞ்சு போக்கா. இத்தனை கண்ணு முன்னாடியா போவே?" என்றது வேலிமேல் இருந்த மைனா.

"அதுவரைக்கும் பிள்ளை தாங்குமா? சும்மா இருடா. இவங்க பழக்கம் எனக்குத் தெரியும்."

சிகரத்தை மூடியிருந்த மஞ்சு விலகியது. மலை பளிச்சென்று தெரிந்தது. "ஆகா!" என்று கூவிய கூட்டம், உடனே மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போனை உயர்த்திப் பிடித்தது.

வரையாடு குட்டியை முன்னால் விட்டு, அத்தனை முதுகுக்கும் பின்னால் நிமிர்ந்து நடந்தது. ஓடக்கூட இல்லை.

அது வயிறார மேய்ந்து முடிக்கும்போது மைனா சிரித்துக்கொண்டே பறந்து வந்தது. "எல்லார் போன்லயும் நீ தெரிஞ்சேக்கா! ஒருத்தராவது தன் மூஞ்சியைத் தாண்டிப் பார்க்கணுமே! வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்குவாங்க."

"அடிச்சுக்கட்டும். அந்நேரம் நான் என் பிள்ளைக்கு..."

"ம்மே!" என்று கூப்பிட்டது குட்டி, மடிக்குக் கீழேயிருந்து.