பளபளப்பு

இரும்புக் கம்பியின் முதல் அடியிலேயே கோவிந்தராசுவின் முன்பல் தெறித்தது.

"நாங்க தண்ணி குடிக்கிற ஏரியில எத்தினி சோலார் பேனலுடா உடைச்சிக் கொட்டுன?" உலகநாதன் மறுபடியும் கம்பியை ஓங்கினார். "எம் பொண்ணு ரத்தத்துல ஈயமாம், பேனல்ல இருக்குற அதே ஈயம். வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடக்குறா!"

பழைய பேனல்களை வாங்கிப் பிரித்து விற்கும் கோவிந்தராசு, ரத்தம் ஒழுகக் கடைத் தரையில் தவழ்ந்தான். "ஏரியில ஒரு சில்லு கூட போடலண்ணே, சத்தியமா!"

இடுப்பில் உதை விழுந்தது. "அப்ப அத்தன கண்ணாடியும் எங்கடா போச்சு?"

"ஒட்டியிருந்த ஈயத்தோடயே அரைச்சி வித்துட்டேண்ணே."

"எவனுக்கு? சொல்லு, அவனையும் வெட்டிப் போடுறேன்!" கழுத்தில் கால் அழுந்தியது.

மூச்சுத் திணறிய கோவிந்தராசு விரலை நீட்டி உலகநாதனையே காட்டினான்.

"உங்களுக்குத்தாண்ணே. பீங்கான் ஜாடிக்குப் பளபளப்பு ஏத்த, மலிவா கண்ணாடித் தூளு கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே..."

கம்பி நழுவி விழுந்தது. உலகநாதனின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மனைவி ராணி.

"என்னங்க, கனிஷ்கா கண்ணு முழிச்சிட்டா! நீங்க செஞ்ச ஜாடியோட வூட்லேருந்து எலுமிச்ச ஊறுகாயக் கொண்டாந்தேன். எப்பவும் போல தொட்டுத் தொட்டு, கஞ்சி பூரா குடிச்சிட்டா!"