குறைந்த எண்ணிக்கை

“வேலையில்லாதவங்க பாதியாக் குறைஞ்சுட்டாங்களாம்! டிவியில அமைச்சர் வாய் கூசாமப் புளுகுறாரு!” ரிமோட்டைச் சுவரில் வீசினான் மகன். “ஃபாக்டரி மூடினதுலேர்ந்து வாராவாரம் வேலைவாய்ப்பு ஆபீஸ் வரிசையில நிக்கறேன். இன்னிக்குப் போனா, என் பேரே இல்லையாம்! ஒரு வருஷமா வேலை கிடைக்காதவன் வேலையே தேடலைன்னு அர்த்தமாம். பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க!”

“எந்தப் பாவி எடுத்தான்? அவன் கை விளங்குமா?” சபித்தபடியே அப்பாவின் தட்டில் சோறு வைத்தாள் அம்மா.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

“நான்தான் எடுத்தேன்.”

இருவரும் திரும்பினார்கள்.

“வேலைவாய்ப்புத் தலைமை ஆபீஸ்ல நாங்க நாலு குமாஸ்தா இருந்தோம். எடுக்க மாட்டேன்னு சொன்ன மூணு பேரும் இப்ப உன் வரிசையிலதான் நிக்கறாங்க.”

“அடுத்த வருஷம் அவங்க பேரையும் நீங்கதான் எடுப்பீங்களா?” என்று கத்தினான் மகன்.