இடது கால் ஆட்டக்காரர்

"அவசரப்படாதீங்க தம்பி. முப்பத்திரண்டு வருஷமா பிரிக்காம வெச்சிருக்கேன். மெதுவாவே பிரிப்போம்."

பெண்ணின் அப்பா மேசைமேல் ஒரு தகரப் பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளே மெழுகுத்தாள் சுற்றிய பன்னிரண்டு பாக்கெட்டுகள். பாக்கெட்டுக்கு ஐந்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் அந்தக் காலத்துக் கால்பந்து வீரர் ஒருவரின் படம். கூடவே ஒரு சூயிங்கம்.

"சரியான ஆள் வரட்டும்னு சொல்லிச் சொல்லியே வெச்சிருந்தார். இன்னிக்கு நான்தான் பிரிச்சே ஆகணும்னுட்டேன்" என்றார் அம்மா, ஆப்பிள் நறுக்கியபடி.

பெண் கேட்டு வந்திருந்த லிப்ட் மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். ஆறு பேரோடு நடுவழியில் நின்றுபோன லிப்டின் தலைமேல் ஏறி நின்றபோதுகூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

"அப்பாவுக்குக் கால்பந்துன்னா உயிர். அது தெரியாதவன்னு தெரிஞ்சா டீகூட கொடுக்காம அனுப்பிடுவார்" என்று அவனைக் காதலிக்கும் அந்தப் பெண் மூன்று வாரத்துக்கு முன்பே எச்சரித்திருந்தாள். பந்து உருண்டை என்பதற்கு மேல் எதுவும் தெரியாதவன், நாற்பது பழைய ஆட்டக்காரர்களின் முகத்தையும் பெருமையையும் பழுதான லிப்டுகளின்மேல் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தான்.

அப்பா நடத்துவது ஓட்டுநர் பள்ளி. எதிரே யார் உட்கார்ந்தாலும் பரீட்சைக்கு வந்தவராகவே பார்ப்பார். சிரித்துப் பேசிக்கொண்டே ஃபெயிலாக்கிவிடுவார் என்று பேச்சு.

முதல் பாக்கெட்டைப் பிரித்ததும் சூயிங்கம் கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து விழுந்தது. பெயரும் விவரமும் அட்டையின் பின்பக்கம் இருந்தன. அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் அவனுக்குக் காட்டினார்.

"யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

தொங்குமீசை, கையில் உறை. "கோல்கீப்பர் சார். 'இரும்புக் கதவு'ன்னு பேரு. தொடர்ந்து பதினோரு மேட்ச் ஒரு கோல்கூட விடல."

அப்பா பின்பக்கத்தைப் படித்தார். "கரெக்ட்" என்றவர், ஏனோ மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அடேயப்பா" என்றார் அம்மா.

அடுத்தது வழுக்கைத் தலை. "'தபால்காரர்' சார். பந்தை எங்கேயிருந்து அடிச்சாலும் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரும்."

"கரெக்ட்."

அண்ணன் தம்பி ஆட்டக்காரர்களில் மட்டும் கொஞ்சம் தடுமாறினான். "மூத்தவர்... இல்ல சார், இளையவர். மூத்தவருக்குத்தான் காது பெருசு." அதுவும் சரியாகப் போயிற்று. சோபா ஓரத்தில் அவள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

ஏழாவது பாக்கெட்டில்தான் சனி பிடித்தது.

சுருட்டைமுடி, சப்பை மூக்கு. அவன் படித்த நாற்பது பேரில் இப்படி ஒரு முகமே இல்லை. அவள் பக்கம் பார்த்தான். அவள் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அம்மாவின் கத்தி ஆப்பிளில் பாதியோடு நின்றது.

"என்ன தம்பி, யோசனை?"

"பேரு தொண்டை வரைக்கும் வந்துட்டு நிக்குது சார். ஆனா ஆட்டம் அப்படியே கண்ணுல இருக்கு. எல்லாமே இடது கால்தான். வலது கால் சும்மா நிக்கறதுக்கு."

அப்பா அட்டையைத் திருப்பினார். சூயிங்கம் உருகி ஒட்டி, ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாமல் இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்தார். மெக்கானிக் வாசல்கதவு எத்தனை அடி தூரம் என்று கணக்குப் போட்டான்.

"ஆமா" என்றார் அப்பா. "இடது காலேதான். அந்தக் காலை மறக்க முடியுமா?" அட்டையைப் பத்திரமாகக் கீழே வைத்தார். "இனிமே சார் கீர் எல்லாம் வேண்டாம். மாமான்னே கூப்பிடுங்க. மத்ததெல்லாம் உங்க வீட்ல வந்து பேசறோம்."

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வழியனுப்ப அப்பா மாடிப்படியில் கூடவே இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்று, மேலே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். இந்த ஆஃப்சைடு, ஆஃப்சைடுங்கறாங்களே, அப்படின்னா என்ன?"

"மாமா?"

"முப்பத்திரண்டு வருஷமா டிவி முன்னாடி கை தட்டறேன். யார்கிட்டயும் கேக்க முடியல. உங்க அத்தைக்குத்தான் பந்துன்னா பைத்தியம். முதல்முதலா அவங்க வீட்டுக்குப் போனப்ப ஹால் சுவத்துல ஆளுயரத்துக்கு ஒரு ஆட்டக்காரர் படம். எனக்கும் இதுன்னா உயிர்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். கல்யாணமான புதுசுல இந்தப் பெட்டியை வாங்கி நீட்டினா. பிரிச்சா ஏதாவது கேள்வி கேப்பாளோன்னு பயந்தே பிரிக்கல."

மெக்கானிக்கும் ஒருமுறை மேலே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஆஃப்சைடு எனக்கும் தெரியாது மாமா. ஆளுங்களை மட்டும்தான் படிச்சேன்."

இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார்கள். கீழே வண்டிவரை போன பிறகுதான் ஹெல்மெட்டை மேலேயே விட்டு வந்தது ஞாபகம் வந்து, மாமாவை வண்டியருகே நிறுத்திவிட்டு அவன் திரும்ப மேலே ஏறினான்.

ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் அம்மா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தங்கமான பையன்தான்டீ. ஆனா இவனும் உங்கப்பா மாதிரியே பந்துப் பைத்தியமா இருக்கானே. பிடிச்ச மாதிரி பக்கத்துல உக்காந்து பாக்கற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். எங்க வீட்டு ஹால்ல சுவத்து ஓதத்தை மறைக்க யாரோ ஒருத்தன் படத்தை ஒட்டியிருந்தோம். முதல் நாளே அதைப் போய்க் கண்கொட்டாம பாத்தார் மனுஷன், அன்னிக்கு ஆரம்பிச்ச என் நடிப்புடீ இது."